தந்தையின் உரிமையும் மைந்தரின் நலனும்: நாராயணய்யா – அன்னி பெசண்ட் வழக்கு (1912–1914) ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

பெற்றோர் தம் மக்கள்மீது கொண்டுள்ள உரிமை எத்தகையது? அதனை ஒருவர் தாமே எழுதிக் கொடுத்து விலக முடியுமா? விலகியவர் மீண்டும் வந்து கேட்டால் அது திரும்பக் கிடைக்குமா? நெடுங்காலம் பிள்ளையை விட்டு நீங்கியிருந்த பெற்றோரின் உரிமை எப்போது, எவரால் முடிவுக்குக் கொண்டுவரப்படுகிறது? குடும்ப நீதிமன்றங்களில் நாள்தோறும் எழும் இவ்வினாக்களுக்குத் தென்னிந்திய வரலாற்றில் ஓர் அடிப்படை வழக்கு உண்டு. சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியைச் சேர்ந்த ஜிட்டு நாராயணய்யா தம் மைந்தர் இருவரை மீட்பதற்காக அன்னி பெசண்ட் அம்மையார்மீது தொடுத்த வழக்கே அது. பிரம்மஞான சபையின் வரலாற்றிலும் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கை வரலாறுகளிலும் இவ்வழக்கு ஒரு கிளைக்கதையாகவே பேசப்பட்டு வந்துள்ளது. பெற்றோர் உரிமை பற்றிய சமூக வரலாற்றில் அதற்குரிய இடத்தைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரபில் கைவிடலும் கையளித்தலும்

பிள்ளையைக் கைவிடல், பிள்ளையைப் பிறரிடம் கையளித்தல் என்னும் இரண்டையும் நம் மரபு வேறுபடுத்தியே கண்டுள்ளது. தருமநூல்கள் கூறும் பன்னிரு வகை மைந்தருள் 'அபவித்தன்' என்பான் ஒருவன். பெற்றோரால் கைவிடப்பட்டுப் பிறரால் எடுத்து வளர்க்கப்பட்டவன் அவன். வளர்த்தவருக்கே அவன் மகனாகிறான். தாயும் தந்தையும் மகனைக் கொடுக்கவும் விற்கவும் துறக்கவும் உரியர் என வசிட்டர் தருமசூத்திரம் கூற, பிள்ளையைக் கொடுக்கும் உரிமையோ விற்கும் உரிமையோ எவர்க்கும் இல்லை என ஆபத்தம்பர் மறுக்கிறார். எனவே பெற்றோர் உரிமை வரம்பற்றதா என்பது பழங்காலத்திலேயே கருத்து வேறுபாட்டிற்கு உள்ளாகியிருந்தது என்பதை அறிய முடிகிறது.

தமிழ் இலக்கியம் இதனைச் சட்டமாகப் பேசாமல் வாழ்வாகப் பேசுகிறது. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன், தாய் சாலியால் இரவில் தோட்டம் ஒன்றில் விடப்பட்டு, பசு ஒன்றால் ஏழு நாள் பாலூட்டப்பட்டு, இளம்பூதி என்னும் அந்தணனால் வளர்க்கப்படுகிறான். பிறப்பு வெளிப்பட்டதும் வளர்த்தவனும் அவனை வெளியேற்றுகிறான். பெற்றவளாலும் வளர்த்தவனாலும் இருமுறை கைவிடப்பட்ட அவனுக்குத் தன் நிலையை முறையிட ஒரு மன்றம் இல்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பிள்ளை தன் சார்பில் பேசக்கூடிய இடம் எது என்னும் இவ்வினாவே 1914ஆம் ஆண்டு இலண்டனில் மீண்டும் எழுந்தது.

சித்தூர் மாவட்டமும் நாராயணய்யா குடும்பமும்

தமிழகத்தின் வட எல்லையாகப் பண்டைய நூல்கள் சுட்டும் வேங்கடத்தை உள்ளடக்கிய சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் முதல் நாள் உருவாக்கப்பட்டது. வடார்க்காடு மாவட்டத்திலிருந்து சித்தூர், சந்திரகிரி, பலமனேர் முதலிய பகுதிகளும், கடப்பை மாவட்டத்திலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு ஆகியவையும் அதில் இணைக்கப்பட்டன. 1960இல் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்திற்கு வந்தது. 2022 ஏப்ரலில் நிகழ்ந்த மாவட்டச் சீரமைப்பில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் இவ்வட்டாரத்தின் வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றத்திற்கே சென்றன. ஆதலின் இவ்வழக்கின் வரலாறு இரு மொழியினர்க்கும் பொதுவானதாகும்.

நாராயணய்யா சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று வருவாய்த் துறையில் பணியாற்றி வட்டாட்சியர் பதவிக்கு உயர்ந்தவர். வைதிக மரபில் பிறந்த அவர் 1882 முதல் பிரம்மஞான சபையில் உறுப்பினராக இருந்தார். அவருடைய எட்டாவது மகவாகக் கிருஷ்ணமூர்த்தி 1895 மே மாதம் மதனப்பள்ளியில் பிறந்தார். இளையவர் நித்யானந்தா 1898இல் பிறந்தார். 1905 இறுதியில் தாய் சஞ்சீவம்மா மறைந்தார். 1907 இறுதியில் நாராயணய்யா ஓய்வு பெற்றார். குறைந்த ஓய்வூதியம், தாயில்லாப் பிள்ளைகள், அவர்தம் கல்வி ஆகிய மூன்றும் அவரை அடையாறை நோக்கிச் செலுத்தின. அருகில் பள்ளி இல்லை என்றும் சிறுவர்கள் இடையூறாவர் என்றும் கூறிப் பெசண்ட் முதலில் மறுத்தார். பலமுறை வேண்டிய பின்னரே சபையில் உதவிச் செயலர் பணி கிட்டியது. 1909 சனவரியில் மைந்தர் நால்வருடன் அவர் அடையாறு வந்து சேர்ந்தார். பிள்ளைகளைக் கைவிட்டவர் அல்லர் அவர். பிள்ளைகளின் பொருட்டே இடம் பெயர்ந்தவர். இதனை மனத்தில் கொள்ளாமல் பின்னர் நிகழ்ந்தவற்றை மதிப்பிடுதல் இயலாது.

1910ஆம் ஆண்டு மடல்

அடையாறு கடற்கரையில் சிறுவன் கிருஷ்ணமூர்த்தியைக் கண்ட சி.டபிள்யூ. லெட்பீட்டர், அவர் வருங்கால உலக ஆசானுக்குரிய கருவியாவார் என அறிவித்தார். அதன்பின் இரு சிறுவர்களும் சபை வளாகத்தில் தனியே பயிற்றுவிக்கப்பட்டனர். 1910 மார்ச் 6ஆம் நாள் நாராயணய்யா ஒரு மடலில் கையொப்பமிட்டார். தம் மைந்தர் இருவருக்கும் அன்னி பெசண்ட் காப்பாளராக இருந்து அவர்தம் கல்வியையும் நலனையும் கவனிக்க வேண்டும் என்பது அதன் சாரம். நீதிமன்ற ஆணையோ, பதிவு செய்யப்பெற்ற ஆவணமோ, தத்துச் சடங்கோ இல்லை. ஒரு தந்தை ஒரு சபைத் தலைவருக்கு எழுதிய மடல் மட்டுமே அது.

இம்மடலின் தன்மையே வழக்கின் உயிர்நிலை. தத்துக் கொடுத்தல் என்பது இந்துச் சட்டத்தில் திரும்பப் பெற இயலாத செயல். தத்துப் போன மகனுக்குப் பிறந்த குடும்பத்துடன் உள்ள சட்ட உறவு அறுபடுகிறது. காப்பில் ஒப்படைத்தலோ உறவை அறுப்பதில்லை; பொறுப்பை மட்டும் மாற்றுகிறது. நாராயணய்யாவின் மடல் இவ்விரண்டில் எதனைச் சார்ந்தது?

1911ஆம் ஆண்டு கிழக்கின் விண்மீன் சங்கம் தோற்றுவிக்கப்பெற்றுக் கிருஷ்ணமூர்த்தி அதன் தலைவராக்கப்பட்டார். மகன் தெய்வ நிலைக்கு உயர்த்தப்படுவதும், லெட்பீட்டருடன் பழகுவதும் தந்தைக்கு அச்சம் விளைத்தன. லெட்பீட்டரிடமிருந்து மைந்தர் பிரிக்கப்படுவர் என்னும் நம்பிக்கையில், 1912 தொடக்கத்தில் அவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்ல அவர் இசைந்தார். அந்நம்பிக்கை நிறைவேறவில்லை எனக் கருதியபோது, அவ்வாண்டு சூலையில் தாம் அளித்த அதிகாரத்தை நீக்கி, மைந்தரைத் திருப்பி ஒப்படைக்கக் கோரினார்.

சென்னை நீதிமன்றங்களில்

அடையாறு அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. எனவே 1912 அக்டோபரில் செங்கற்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டுப் பின் சென்னை உயர்நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டது. நாராயணய்யாவின் தரப்பில் சி.பி. இராமசாமி ஐயர் வாதிட்டார். பெசண்ட் தமக்காகத் தாமே வாதிட்டார். வழக்கில் எதிரெதிர் நின்ற இவ்விருவரும் சில ஆண்டுகளில் தன்னாட்சி இயக்கத்தில் தோழமை பூண்டனர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1913 ஏப்ரல் 15ஆம் நாள் நீதிபதி பேக்வெல் தீர்ப்பளித்தார். லெட்பீட்டர்மீது தந்தை சுமத்திய கடுங்குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறிய அவர், லெட்பீட்டர் கொண்டிருந்த கருத்துகள் சிறுவர்க்கு ஆசானாக இருக்கத் தகாதவை என்றும் குறித்தார். மைந்தர் நீதிமன்றக் காப்பில் உள்ளோராக அறிவிக்கப்பட்டனர். அவர்களைத் தந்தையிடம் ஒப்படைக்குமாறு ஆணையிடப்பட்டது. பெசண்டின் மேல்முறையீட்டைத் தலைமை நீதிபதி ஆர்னால்டு வைட்டும் நீதிபதி ஓல்டுஃபீல்டும் அதே ஆண்டு அக்டோபரில் தள்ளினர். தந்தை உயிரோடிருக்கையில் அவர் தகுதியற்றவர் எனக் காணப்பட்டாலன்றி வேறொருவரைக் காப்பாளராக நியமிக்கலாகாது என்னும் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் மற்றும் காப்புக்குரியோர் சட்டத்தின் கருத்தோட்டத்திற்கு இத்தீர்ப்புகள் இயைந்தனவே.

இவ்வழக்கு சென்னைப் பொதுவாழ்வில் பெரும் பரபரப்பை விளைவித்தது. புதுச்சேரியில் இருந்த பாரதியார் 1914இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பொன்வால் நரிக் கதை, பெசண்டையும் அவர்தம் சபையையும் எள்ளி எழுதப்பட்டது என்பதைப் பாரதி ஆய்வாளர் அறிவர்.

பிரிவி கவுன்சில் தீர்ப்பு

பெசண்ட் இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்தார். 1914 மே மாதம் பார்க்கர் பிரபு வழங்கிய தீர்ப்பு சென்னைத் தீர்ப்புகளை நீக்கியது. அத்தீர்ப்பில் மூன்று கருத்துகள் அடங்கியுள்ளன.

முதலாவது, காப்புரிமையின் இயல்பு பற்றியது. தந்தையின் காப்புரிமை புனிதமான நம்பிக்கைப் பொறுப்பாகும். ஆதலின் தம் வாழ்நாளில் மற்றொருவரைத் தம்மிடத்தில் காப்பாளராக அமர்த்தித் தாம் விலக அவருக்கு அதிகாரம் இல்லை. பிள்ளையின் இருப்பையும் கல்வியையும் பிறரிடம் ஒப்படைக்கலாம். ஆனால் அவ்வொப்படைப்பு அடிப்படையில் திரும்பப் பெறத்தக்கது. இக்கருத்து நாராயணய்யாவிற்குச் சார்பானது. 1910ஆம் ஆண்டு மடல் அவரது உரிமையை அழித்துவிடவில்லை என்பது இதனால் உறுதிப்படுகிறது.

இரண்டாவது, திரும்பப் பெறுதலுக்குரிய வரம்பு பற்றியது. ஒப்படைப்பின் விளைவாகப் பிள்ளைக்குப் புதிய தொடர்புகளும் எதிர்பார்ப்புகளும் உருவாகியிருக்கலாம். அவற்றைக் குலைப்பது பிள்ளையின் நலனுக்கு ஊறாகுமெனில், நீதிமன்றம் தந்தையின் விருப்பத்தைத் தடுக்கலாம். நம்பிக்கைப் பொறுப்பு என்னும் அதே சொல்லிலிருந்தே இவ்வரம்பும் பிறக்கிறது. பொறுப்பு எவர் பொருட்டோ அவர் நலனே அளவுகோலாகும்.

மூன்றாவது, நடைமுறை பற்றியது. 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி, இளவர் வழக்கமாக வாழும் இடத்து நீதிமன்றத்திற்கே அதிகாரம் உண்டு. மைந்தர் அப்போது இங்கிலாந்தில் இருந்தனர். தந்தைக்கும் பெசண்டுக்கும் இடையிலான உரிமை வழக்காக இது நடத்தப்பட்டதால், மைந்தரின் நலன் எவராலும் எடுத்துரைக்கப்படவில்லை. அவர்தம் விருப்பமும் அறியப்படவில்லை. எனவே இங்கிலாந்து உயர்நீதிமன்றத்தை அணுகுவதே தந்தைக்குரிய வழி எனக் கூறி வழக்குத் தள்ளப்பட்டது.

கொள்கையளவில் தந்தை வென்றார், பயனளவில் தோற்றார். ஓய்வூதியம் பெறும் முன்னாள் வட்டாட்சியர் ஒருவர் இலண்டனில் புதிய வழக்குத் தொடுத்தல் எளிதன்று. அதற்குள் காலமும் கடந்திருந்தது. கிருஷ்ணமூர்த்திக்கு அம்மாதம் பத்தொன்பது வயது நிறைந்தது. உரிமையைச் சட்டம் அழிக்காத இடத்திலும் தொலைவும் காலமும் அதனை அழித்துவிடக் கூடும் என்பதற்கு இவ்வழக்கே சான்று.

பெசண்டின் பழைய வழக்கு

இவ்வழக்கை அதற்கு முப்பத்தாறு ஆண்டுகள் முந்திய மற்றொரு வழக்குடன் ஒப்பிடுவது பயனுடையது. 1873இல் கணவர் ஃபிராங்க் பெசண்டைப் பிரிந்தபோது, பிரிவினை ஆவணத்தின்படி மகள் மேபல் தாயிடமும் மகன் டிக்பி தந்தையிடமும் இருந்தனர். பின்னர் பெசண்ட் இறைமறுப்புக் கருத்துகளைப் பரப்பினார். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய நோல்டனின் நூலை மறுபதிப்பிட்டார். இவற்றைக் காட்டித் தந்தை மகளைக் கோரினார். 1878இல் நீதிபதி ஜார்ஜ் ஜெஸ்ஸல் ஆவணத்தை ஒதுக்கிவிட்டு மகளைத் தாயிடமிருந்து பிரித்தார். மேல்முறையீடும் பயன் தரவில்லை.

இரு வழக்குகளிலும் அமைப்பு ஒன்றே. தந்தை எழுத்தில் ஒப்படைக்கிறார். பின்னர் ஒப்படைத்தவர் பெற்றவரின் சமயக் கருத்துகளைக் காரணமாக்கித் திரும்பக் கேட்கிறார். நீதிமன்றம் பிள்ளையின் நலன் என்னும் சொல்லைக் கொண்டு முடிவு செய்கிறது. 1878இல் பெற்ற தாயாக இருந்தும் பெசண்ட் மகளை இழந்தார். 1914இல் பெறாத காப்பாளராக இருந்தும் மைந்தரை இழக்கவில்லை. நலன் என்னும் சொல் காலத்திற்கும் நீதிபதிக்கும் ஏற்பப் பொருள் மாறுவது என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது. மைந்தரின் தாய் உயிருடன் இருந்திருப்பினும், அன்றைய சட்டத்தில் தந்தை இருக்கையில் தாய்க்குக் காப்புரிமை இல்லை என்பதும் நினைக்கத்தக்கது.

இல்லாத தந்தையின் உரிமை

1914ஆம் ஆண்டுத் தீர்ப்பு எழுப்பிய வினாக்களுக்கு விடுதலை இந்தியாவின் சட்டங்கள் படிப்படியாக விடை கண்டன. 1956ஆம் ஆண்டு இந்து இளமையர் மற்றும் காப்பாளர் சட்டம் தந்தையையும் அவருக்குப் பின் தாயையும் இயற்கைக் காப்பாளராகக் குறித்தது. உலகை முற்றாகத் துறந்தவரும் இந்து சமயத்தை விட்டு நீங்கியவரும் இவ்வுரிமைக்குத் தகுதியற்றவர் என்றது. அதன் 13ஆம் பிரிவு இளவரின் நலனே தலையாயது என்றது. துறவு பூண்டு நீங்கிய தந்தையைச் சட்டம் பெயர் சொல்லிச் சுட்டியது. துறவு பூணாமலே நீங்கிய தந்தையைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

அவ்விடைவெளியை நீதிமன்றங்கள் நிரப்பின. இருபது ஆண்டுகளுக்கு மேல் பிரிந்து வாழ்ந்து மகள்மீது அக்கறை காட்டாத தந்தையை இல்லாதவராகவே கொண்டு, தாயை இயற்கைக் காப்பாளராக உச்சநீதிமன்றம் 1970இல் ஜீஜாபாய் வழக்கில் ஏற்றது. சென்னையிலிருந்து சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருள் அல்லர் என 1973இல் வலியுறுத்தியது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பு, 'தந்தைக்குப் பின்' என்னும் தொடருக்குத் 'தந்தை இல்லாதவிடத்து' எனப் பொருள் கூறியது. தந்தையின் முழுப் புறக்கணிப்பும் அவ்வில்லாமையுள் அடங்கும். மணமாகாத தாய் காப்புரிமை கோருகையில், பிள்ளையை நாடாத தந்தைக்கு அறிவிப்பு அனுப்பவேண்டிய கட்டாயம் இல்லை என 2015இல் மற்றொரு தீர்ப்பு கூறியது. பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்கும் வங்கிக் கணக்கிற்கும் காணாமற்போன கணவனின் கையொப்பத்தைத் தேடி அலைந்த தாயர்க்கு இத்தீர்ப்புகள் விடுதலை அளித்தன எனலாம்.

எனினும் பெற்றோர் ஒருவரின் உரிமையை முற்றாக முடிவுறுத்தும் பொது வழக்கு முறை இந்தியாவில் தனியே அமையவில்லை. அமெரிக்காவில் அத்தகைய வழக்குமுறை உண்டு. அங்கும் தெளிவான, நம்பத்தக்க சான்று இன்றி உரிமையை முடிக்கலாகாது என 1982இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் விதித்தது. இந்தியாவில் தத்து வழியாகவே இம்முடிவு நிகழ்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, பிள்ளையை ஒப்படைக்க விரும்பும் பெற்றோர் குழந்தைகள் நலக் குழுவின் முன்னிலையில் ஆவணம் எழுதித் தரவேண்டும். மறுசிந்தனைக்கு இரு திங்கள் காலம் அளிக்கப்படுகிறது. கைவிடப்பட்ட பிள்ளையாயின், பெற்றோரைத் தேடும் விசாரணைக்குப் பின்னரே, இரண்டு வயது வரை இரு திங்களிலும் அதற்கு மேற்பட்டோர்க்கு நான்கு திங்களிலும் தத்துக்குரியவர் என அறிவிக்கப்படுகிறார். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கைவிடும் கருத்துடன் விட்டு நீங்குதல் குற்றமாகும்; பழைய தண்டனைச் சட்டத்தின் 317ஆம் பிரிவிலிருந்த இவ்விதி 2024 சூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 93ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ளது. உரிமையை இழந்தாலும் கடமை நீங்குவதில்லை. காப்பை இழந்த தந்தையும் பிள்ளையின் பிழைப்பூதியத்திற்குப் பொறுப்பாளியே.

தெய்வத்திற்குக் கையளித்தல்

இவ்வட்டாரத்திற்கே உரிய மற்றொரு கையளித்தலையும் ஈண்டுச் சுட்டவேண்டும். சித்தூர் மாவட்டத்திலும் அதனையடுத்த திருவள்ளூர் மாவட்டத்திலும் ஒடுக்கப்பட்ட குடும்பங்கள், நோயுற்ற பெண்பிள்ளையை மாத்தம்மா என்னும் தெய்வத்திற்கு நேர்ந்துவிடும் வழக்கம் இருந்து வந்துள்ளது. அவ்வாறு நேர்ந்துவிடப்பட்ட பெண் மணவாழ்வும் பாதுகாப்பும் இழந்தாள். 1988ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேசத் தேவதாசித் தடைச் சட்டம் பெண்களை இவ்வாறு நேர்ந்துவிடுதலைத் தடுத்தது. எனினும் 2017இல் தேசிய மனித உரிமை ஆணையம் இது குறித்து இரு மாநில அரசுகளுக்கும் அறிவிப்பு அனுப்பியது. மறுமுனையில், பெற்றோரற்ற பிள்ளைகளுக்கு உணவும் உறையுளும் கல்வியும் அளிக்கும் பாலமந்திரத்தைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் திருப்பதியில் நடத்தி வருகிறது. தெய்வத்தின் பெயரால் பிள்ளையை இழத்தலும் தெய்வத்தின் பெயரால் பிள்ளையைக் காத்தலும் ஒரே வட்டாரத்தில் நிகழ்ந்துள்ளன. மகனை உலக ஆசானாக்கியோரிடமிருந்து மீட்க முயன்ற நாராயணய்யாவின் அச்சத்தை இப்பின்னணியில் வைத்துக் காணின், அது வெறும் வைதிகப் பிடிவாதம் அன்று என்பது புலப்படும்.

முடிவுரை

வழக்கு முடிந்தபின் மைந்தர் இங்கிலாந்திலேயே வளர்ந்தனர். இந்தியா திரும்பியபோது தந்தையைக் கண்டு வணங்கினர். 1924இல் நாராயணய்யா மறைந்தார். மறு ஆண்டு நித்யானந்தா கலிபோர்னியாவில் மறைந்தார். 1929 ஆகஸ்டு 3ஆம் நாள் கிருஷ்ணமூர்த்தி தமக்கென அமைக்கப்பட்ட சங்கத்தைக் கலைத்தார். தந்தையாலும் காப்பாளராலும் வழக்காடப்பட்டு, சென்னை நீதிமன்றங்களால் கருத்துக் கேட்கப்படாத சிறுவர், முப்பத்து நான்காம் வயதில் தம்மைப் பற்றிய முடிவைத் தாமே எடுத்தார்.

இவ்வாய்வால் அறியலாகும் உண்மைகள் மூன்று. பெற்றோர் உரிமை ஒரு மடலால் துறக்கத்தக்க உடைமை அன்று. துறந்தவர் விரும்பியவுடன் மீளப் பெறத்தக்கதும் அன்று. அது முடிவுறும்போது பெற்றவர்க்கும் வளர்ப்பவர்க்கும் இடையிலான வழக்காக மட்டும் நில்லாமல், பிள்ளையின் குரலும் கேட்கப்பட வேண்டும். 1910இல் அடையாற்றில் கையொப்பமிட்ட தந்தைக்கு அதன் விளைவை எடுத்துரைக்க எவரும் இல்லை. எண்ணிப்பார்க்க இரு திங்கள் தவணையும் இல்லை. இன்றைய சட்டம் அவ்விரண்டையும் அளிக்கிறது. அதன் வேர்களுள் ஒன்று மதனப்பள்ளித் தந்தை ஒருவரின் தோல்வியில் உள்ளது எனலாம்.